எந்த வேரியன்ட், எந்த மாடிஃபிகேஷன்: விற்கும் நாளையும் நினைத்து ஒரு ஆஃப்ரோடு வண்டி

ஆஃப்ரோடு வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “பேஸ் மாடல் எடுத்து மிச்சக் காசில் நானே மாடிஃபை பண்ணிக்கொள்ளட்டுமா, இல்லை டாப் வேரியன்டையே எடுத்துவிடட்டுமா? நாளைக்கு விற்கும்போது எதற்கு நல்ல விலை வரும்?” வேரியன்ட், மாடிஃபிகேஷன், மறுவிற்பனை மூன்றும் இதில் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பதில் சொன்னால் தப்பான இடத்தில் காசு போய்விடும்.

நான் சொல்வது இதுதான். ஒரு சாமான் வண்டியின் எந்த இடத்தில் உட்கார்கிறது என்று பாருங்கள். ஆக்ஸிலுக்குள்ளும் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளும் (என்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்க வேண்டியவற்றை, வண்டி வாங்கும்போதே கம்பெனியிடமிருந்து வாங்கிவிடுங்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் சாமான்களை அப்புறம் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். வெட்டியும் வெல்டு அடித்தும் செய்ய வேண்டிய வேலைகளை, வண்டியை வைத்து முடிக்கும்வரை வைத்திருக்கப் போகிறவர் மட்டும் யோசிக்கட்டும்.

ஜீப் ராங்ளரை எடுத்துக்கொள்வோம். வேரியன்ட் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இவ்வளவு தெளிவான வண்டி வேறில்லை. ரூபிகான் என்ற வேரியன்ட் 2003 மாடலில் முதன்முதலில் வந்தது. முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் டிஃப்ரென்ஷியல் லாக்கர் (ஒரு சக்கரம் சறுக்கினாலும் இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது), இரண்டுமே பருமனான டானா 44 ஆக்ஸில், 4:1 லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு நகர வைக்கும் தாழ்ந்த கியர்) கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ். 2007-ல் வந்த தலைமுறையில் வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஸ்வே பாரை ஒரு பட்டனில் விடுவிக்கும் வசதியும் சேர்ந்தது. 2018-ல் வந்த தலைமுறையில் 33 அங்குல டயரும், உயரத் தூக்கி வைத்த ஃபெண்டரும் கம்பெனியிலிருந்தே வந்தன.

இதன் பலனை எண்ணில் பார்ப்போம். 2018 தலைமுறையின் மேனுவல் கியர் ரூபிகானில் முதல் கியர் 5.13, லோ ரேஞ்ச் 4, ஆக்ஸில் விகிதம் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 84. அதாவது என்ஜின் 84 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதே தலைமுறையின் மேனுவல் ஸ்போர்ட் வேரியன்டில் லோ ரேஞ்ச் 2.72, ஆக்ஸில் விகிதம் 3.45. பெருக்கினால் 48 தான். பாறைச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் வண்டி தானாக ஊர்ந்து இறங்குவதற்கும், முழங்கால் வலிக்க வலிக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

சரி, ஸ்போர்ட் வாங்கி இதையெல்லாம் பின்னால் சேர்க்க முடியாதா? முடியும். முன்னும் பின்னும் லாக்கர் வாங்க வேண்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் லாக்கர் என்றால் கம்ப்ரஸர் வேண்டும். டிஃப்ரென்ஷியலைத் திறந்ததோடு திறந்ததாக, ஆக்ஸில் விகிதத்தையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றினால் இரண்டு ஆக்ஸிலிலும் மாற்ற வேண்டும், முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லாவிட்டால் ஃபோர்வீலில் போட்ட உடனே டிரைவ்லைன் இறுகிக்கொள்ளும். ரிங் கியரும் பினியனும் கடிக்கும் இடைவெளியை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் வைக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். வைக்கத் தெரியாதவர் கை வைத்தால் குறிப்பிட்ட வேகத்தில் ஆக்ஸில் ஊளையிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் திறக்க வேண்டிவரும். டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றுவது தனிக் கதை. இவ்வளவு செய்தாலும் பழைய ஆக்ஸிலின் மெல்லிய தண்டுகள் அப்படியேதான் இருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு வண்டியின் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும்? ஸ்போர்ட் என்றுதான். வாங்க வருகிறவரும் ஸ்போர்ட் விலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்.

அதனால்தான் லாக்கரும் நல்ல லோ ரேஞ்சும் உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு, அவை வரும் வேரியன்டை முதலிலேயே எடுத்துவிடச் சொல்கிறேன். அந்தக் காசு இரும்புக்குள் போகிறது. சேஸி எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வாரண்டி உண்டு. முக்கியமாக, டயர் அளவு, ஸ்பிரிங், கியர் விகிதம், பிரேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் ஒன்றையொன்று அறிந்து பொருத்தப்பட்டிருக்கும். வெளியே தனித்தனியாகச் சேர்க்கும்போது மிகவும் கஷ்டப்பட்டுக் கிடைப்பது இந்தப் பொருத்தம்தான்.

ஆனால் “இருப்பதிலேயே விலை அதிகமான வேரியன்ட்” என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 2010 மாடலில் தொடங்கி 2024 வரை வந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா 4ரன்னரைப் பாருங்கள். அதில் டிஆர்டி ஆஃப்ரோடு வேரியன்டுக்குப் பின் ஆக்ஸில் லாக்கர் உண்டு, கிரால் கன்ட்ரோல் (ஊர்ந்து போகும் வேகத்தை வண்டியே பார்த்துக்கொள்ளும் வசதி) உண்டு, 17 அங்குல வீல். அதைவிடச் சொகுசான லிமிடெட் வேரியன்டில் முழுநேர ஃபோர்வீல் டிரைவ் இருக்கிறது, தோல் சீட் இருக்கிறது, ஆனால் பின் லாக்கர் கிடையாது, வீலோ 20 அங்குலம். வீல் பெரிதாக ஆக டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். காற்றை இறக்கி மணலில் ஓட்டுவதற்கும் கல்லில் ரிம் அடிபடாமல் தப்பிப்பதற்கும் அந்தப் பக்கச்சுவர்தான் வேண்டும். அதற்கும் மேலே டிஆர்டி ப்ரோ. ஃபாக்ஸ் ஷாக் அப்சார்பர், முன்பக்க அடித்தகடு, தோற்றம், பெயர் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் லாக்கர், கிரால் கன்ட்ரோல் விஷயத்தில் டிஆர்டி ஆஃப்ரோடில் இருப்பதேதான் இதிலும். ஷாக் என்பது போல்ட்டில் நிற்கும் சாமான், தேய்ந்ததும் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். அதனால் என் கை நடு வேரியன்டுக்குத்தான் போகும். ப்ரோவுக்குப் பழைய வண்டிச் சந்தையில் தனி மவுசு இருப்பது உண்மை. எண்ணிக்கை குறைவு, பெயரைச் சொன்னாலே ஆள் வருவார். அதற்காக மட்டும் முதலில் அவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃபோர்டு ப்ராங்கோ 2021-ல் திரும்பி வந்தபோது செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 35 அங்குல டயர், முன் பின் லாக்கர், தாழ்ந்த ஆக்ஸில் விகிதம், பில்ஸ்டைன் ஷாக் எல்லாவற்றையும் ‘சாஸ்க்வாச்’ என்று ஒரே பேக்கேஜாகக் கட்டி, பேஸ் மாடலிலும் வாங்கலாம் என்று விட்டார்கள். எளிய உள்பக்கம், துணி சீட், கீழே மட்டும் முழு ஆயுதம். இப்படி ஒரு வழி இருக்கும் வண்டியில் வேரியன்ட் பெயரைப் பார்க்காமல் பேக்கேஜ் பட்டியலைப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சுசூகி ஜிம்னி இதற்கு நேர் எதிர். 2018-ல் வந்த நான்காம் தலைமுறையில் எந்த வேரியன்ட் எடுத்தாலும் அடியில் ஒரே வண்டிதான்: ஏணி சேஸி, முன்னும் பின்னும் திட ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையாக இணைப்பது), லோ ரேஞ்சோடு ஃபோர்வீல் டிரைவ், சறுக்கும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கும் ஏற்பாடு. கம்பெனி லாக்கர் எதிலும் இல்லை. விலை ஏற ஏறக் கிடைப்பது எல்இடி விளக்கு, திரை, அலாய் வீல். இங்கே டாப் வேரியன்டுக்குக் கொடுக்கும் காசு ஆஃப்ரோடு திறனுக்குப் போவதில்லை. வசதிக்காக எடுங்கள், தப்பில்லை. திறனுக்காக எடுத்தேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஃபோர்வீல் டிரைவ் இல்லாத வேரியன்ட் என்று ஒன்று சில வண்டிகளில் உண்டு. மகிந்திரா தாரில் 2023 தொடக்கத்தில் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வகை வந்தது. தோற்றம் கிட்டத்தட்ட அதேதான். சாலையில் ஓட்ட அதுவே தாராளமாகப் போதும் என்பவரோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் “பின்னாடி ஃபோர்வீல் போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரென்ஷியல், தண்டுகள், கன்ட்ரோல் யூனிட் என்று அரை வண்டியை மாற்றும் வேலை அது. விற்கும்போது இந்த இரண்டு வகையும் இரண்டு வேறு வண்டிகள்.

நிறம், கியர்பாக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்றால் வாங்க வருகிறவர் யோசிக்க மாட்டார். அபூர்வமான நிறம் என்றால் அதைத் தேடும் ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதை உங்கள் சந்தையில் எது வேகமாக விற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரைகளும் எலக்ட்ரானிக்ஸும்தான் சீக்கிரம் பழசாகும் பகுதி. பத்து வருடம் கழித்து லாக்கர் அப்போதும் லாக்கராகவே இருக்கும், தொடுதிரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இனி மாடிஃபிகேஷன் பக்கம். இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வாங்குபவரின் மனம். பழைய வண்டிகளின் விலைக் கணக்கில் வேரியன்டுக்கு ஒரு இடம் உண்டு, கம்பெனி ஆப்ஷனுக்கு ஒரு இடம் உண்டு. வெளியே போட்ட சாமானுக்கு அநேகமாக இடமே கிடையாது. டீலரிடம் கொண்டுபோனால் லிஃப்ட் செய்த, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியைப் பார்த்ததும் விலையைக் குறைக்கத்தான் காரணம் தேடுவார், ஏனென்றால் அவர் அதை எல்லோருக்கும் விற்றாக வேண்டும். கடனுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஆய்வுக்கும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்டாக் வண்டியே சுலபம். தனி ஆள் ஒருவர் நேரடியாக வாங்க வந்தால் கதை வேறு. அவரும் நம்மைப் போல் பைத்தியமாக இருந்தால், போட்ட சாமானில் ஒரு பகுதிக்காவது மதிப்புக் கொடுப்பார். ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருக்கும்: இந்த வண்டியை எப்படி ஓட்டியிருப்பார்கள்? பெரிய டயரும் உயரமான சஸ்பென்ஷனும் வண்டி அடிபட்டதற்கான அத்தாட்சி இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை எழுப்பும் முதல் விஷயங்கள் அவைதான்.

ஒரு நண்பர் வாங்க நினைத்த பழைய வண்டியைப் பார்க்க நானும் போயிருந்தேன். பார்க்க அழகான வண்டி. விற்பவர் உண்மையிலேயே ஆசைப்பட்டுச் செய்திருந்தார். “அண்ணா, இதுல போட்ட சாமான் காசே பாதி வண்டி காசு ஆகும்” என்றார். பொய்யில்லை, அவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தது. அடியில் படுத்துப் பார்த்தோம். முன் சக்கரத்தைச் சுற்றும் சிவி தண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சக்கரத்துக்குள் தெறித்திருந்தது. விளக்குகளுக்குப் போகும் ஒயர், கம்பெனி ஒயரைக் கீறி அதில் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. பழைய ஸ்பிரிங், பழைய வீல் எங்கே என்று கேட்டோம். “அதையெல்லாம் அப்பவே கொடுத்துட்டேன்” என்றார். நண்பர் வாங்கவில்லை. அந்த வண்டியில் இருந்த, சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச்சும் பம்பரும் நல்ல தரமானவை, அவற்றுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கழற்றிவிட்டு ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவர வழியில்லை என்பதுதான் அவரைத் தடுத்தது.

டயரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். தொடங்குவதும் சரியே. வண்டியின் திறனை ஒரே அடியில் அதிகம் மாற்றுவது டயர்தான். திட ஆக்ஸில் வண்டியில் டிஃப்ரென்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்ட அதைத் தவிர வேறு சுலபமான வழியும் கிடையாது. லிஃப்ட் கிட் போட்டால் பாடியும் சேஸியும்தான் மேலே போகும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 285/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 831 மில்லிமீட்டர். 315/70 ஆர்17 என்றால் சுமார் 873. வித்தியாசம் 42, அதில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும்: 21 மில்லிமீட்டர். அதற்கு நாம் கொடுப்பது என்ன? ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி 105-ல் போகும். 4.10 ஆக்ஸில் விகிதம் 3.90 போல நடந்துகொள்ளும், ஏற்றத்தில் இழுவை குறையும். சக்கரத்தின் எடை கூடும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர் வாங்க வேண்டும். சக்தியுள்ள வண்டியில் இது தாங்கும். 1.5 லிட்டர் ஜிம்னியில் 195/80 ஆர்15-ஐக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 693-லிருந்து 733-க்குப் போகிறது, கிட்டத்தட்ட 6 சதவீதம். சின்ன என்ஜின் அதை உடனே உணரும்.

அதனால் நான் சொல்வது, ஸ்டாக் அளவிலேயே, அல்லது ஒரே ஒரு படி மேலே, நல்ல ஆல் டெரெய்ன் டயர். மட் டெரெய்ன் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாரம் முழுக்க சேற்றில் ஓட்டுகிறவருக்கு அதுதான் வேண்டும். மற்றவர்களுக்கு அதன் இரைச்சலும் ஈரத் தாரில் அது காட்டும் தயக்கமும் தினசரித் தொல்லை. பழைய வண்டி வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது முதலில் கேட்பதும் அந்த இரைச்சலைத்தான். வீல் மாற்றினால் ஆஃப்செட்டைக் கவனியுங்கள். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது சிலருக்கு அழகு. பேரிங்குக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் அது தினமும் கூடுதல் சுமை.

டயரை மாற்றும் முன் காசே இல்லாத ஒரு வேலை இருக்கிறது: காற்றை இறக்குவது. சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை மணலில் 18, 20-க்கு இறக்கினால் தரையோடு ஒட்டும் பரப்பு நீளும், சிக்கி நின்ற வண்டி நடக்கத் தொடங்கும். திரும்பத் தாருக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு நல்ல கம்ப்ரஸரும் அளவுமானியும் போதும். இரண்டையும் அடுத்த வண்டிக்கும் எடுத்துப் போகலாம்.

அப்புறம் லிஃப்ட். இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திட ஆக்ஸில் வண்டியை உயர்த்தினால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) குறைகிறது, அதனால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் போகலாம். புரொப்பெல்லர் தண்டின் கோணம் கூடி அதிர்வு வரும். தேய்ந்த புஷ்ஷும் இவற்றோடு சேர்ந்தால் வேகத்தில் முன் ஆக்ஸில் முழுவதும் கட்டுக்கடங்காமல் ஆடத் தொடங்கும். சுதந்திர முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சிவி தண்டுகள் சாய்ந்த கோணத்தில் சுற்றும், ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், மேல் கன்ட்ரோல் ஆர்மை மாற்றாமல் அலைன்மென்ட் சரியாக வராது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனிச் சாமான், தனிச் செலவு, ஒன்றை விட்டாலும் அந்த வண்டி ஓட்டிப் பார்க்க வந்தவருக்கு முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், சுமைக்கேற்ற ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக்கும் ஒரே செட்டாக வாங்கிப் போட்டால் வண்டி ஸ்டாக்கை விட நன்றாக ஓடும். அதற்கு மறுவிற்பனையிலும் பெரிய கெடுதல் இல்லை. ஸ்டாக் ஷாக்கை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு ஸ்பேசரை மட்டும் செருகி உயர்த்துவது எனக்குப் பிடிக்காது. உயரம் வரும். ஆனால் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த தூரத்தைத் தின்றுதான் அந்த உயரம் வருகிறது. பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொட முடியாமல் அந்தரத்தில் நிற்கும்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். இரும்பு பம்பர், வின்ச், ரூஃப் ரேக், கூரைக் கூடாரம், இரண்டாவது பேட்டரி, டிராயர், ஃப்ரிட்ஜ். ஒவ்வொன்றும் சில பத்துக் கிலோ. வண்டியின் மொத்த எடை வரம்பு என்று ஒன்று காகிதத்தில் எழுதியிருக்கிறது, அதில் நாலு பேரும் எரிபொருளும் தண்ணீரும் சேர்த்துத்தான். குடும்பத்தோடு ஏறினால் பல அலங்கார வண்டிகள் அந்த வரம்பைத் தாண்டிவிடும். கூரைமேல் வைக்கும் எடை ஈர்ப்பு மையத்தை உயர்த்துவதால் பக்கச்சரிவில் நேரடியான ஆபத்து. விற்பனை என்று பார்த்தாலும், தன் வரம்புக்கு மேல் வருடக்கணக்கில் சுமந்த வண்டியின் ஸ்பிரிங், பேரிங், பிரேக் எல்லாம் கிலோமீட்டர் கணக்கைவிட வயதானவை. முன் பம்பரை மாற்றுகிறவர் ஏர்பேக்கோடு சோதித்துப் பார்த்த தயாரிப்பா என்று கேட்டே ஆக வேண்டும். புது வண்டிகளில் முன்பக்கத்தில் ரேடார் இருக்கிறது, அதை மறைத்தால் பாதுகாப்பு அமைப்புகள் ஒழுங்காக வேலை செய்யாது.

ஒயரிங்குக்கு என் ஒரே கோரிக்கை: கம்பெனி ஒயரைத் தொடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனி லைன், தனி ஃபியூஸ் பெட்டி, ரிலே, ஒவ்வொரு ஒயருக்கும் பெயர்ச்சீட்டு. விளக்கைக் கழற்றினால் ஒரு தடமும் இருக்கக் கூடாது. பழைய மாடிஃபை வண்டிகளில் வரும் புரியாத கோளாறுகளில் நிறைய, எங்கோ கீறி ஒட்டிய ஒயரில்தான் போய் முடிகின்றன. ஈரமும் அதிர்வும் அந்த இணைப்பை விடாது.

திரும்ப முடியாத வேலைகள் என்று சில உண்டு. ஸ்நார்க்கல் போட ஃபெண்டரில் ஓட்டை போட வேண்டும். அடிக்கடி ஆழமான நீரைக் கடக்கிறவருக்கும் புழுதியில் வரிசையாகப் போகிறவருக்கும் அது அர்த்தமுள்ள சாமான். ஆனால் ஸ்நார்க்கல் காற்று உறிஞ்சும் வாயை மட்டும்தான் உயர்த்துகிறது. ஆக்ஸில், கியர்பாக்ஸ் பிரீதர்களையும் (உள்ளே இருக்கும் காற்று போய்வரும் குழாய்கள்) மேலே கொண்டுபோகாவிட்டால் ஆயிலுக்குள் தண்ணீர் ஏறும், எலக்ட்ரானிக்ஸும் கதவுச் சீலும் முன்பு போலவேதான். என்ஜின் ரீமேப் (கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றுவது) செய்தால் பல நவீன வண்டிகளில் கம்ப்யூட்டருக்குள் தடயம் இருக்கும், ஸ்டாக் மேப்பை ஏற்றினாலும் சர்வீஸ் சென்டர் கண்டுபிடிக்கலாம், என்ஜின் வாரண்டி கேட்கும் நாளில் அது பேச்சாகும். ஃபெண்டரை வெட்டுவது, சேஸியில் வெல்டு அடிப்பது, ஆக்ஸிலை மாற்றுவது ஆகியவை பதிவு, ஆய்வுச் சட்டங்களிலும் கை வைக்கின்றன. நாட்டுக்கு நாடு விதி வேறு. உங்கள் ஊர் விதியைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வெட்டுக்கூட வெட்ட வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் நான் மாடிஃபிகேஷனுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். வண்டியைக் காப்பாற்றும் சாமான்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சேஸியில் போல்ட்டில் நிற்கும் ராக் ஸ்லைடர் (கதவுக்குக் கீழே பாடியைக் காக்கும் இரும்பு), என்ஜின் கியர்பாக்ஸ் டிரான்ஸ்ஃபர் கேஸ் டேங்க் எல்லாவற்றுக்கும் அடித்தகடு, சேஸியோடு முறையாகப் பிணைந்த ரெக்கவரி பாயின்ட். இவை போட்ட விலையைத் திருப்பித் தராது. ஆனால் கதவுக்குக் கீழே மடங்காத பாடியையும் நசுங்காத டேங்க்கையும் விற்கும் நாளில் காட்டலாம், மதிப்பு அங்கே இருக்கிறது. துருத் தடுப்பும் அப்படித்தான். கடலோரத்திலோ உப்புப் போடும் சாலைகளிலோ ஓட்டுகிறவர், ஏணி சேஸியின் உட்குழாய்க்குள் மெழுகுப் பூச்சு அடித்து வைப்பது, எந்த லிஃப்ட் கிட்டையும் விட நல்ல முதலீடு. அடியில் படுத்துப் பார்க்கத் தெரிந்தவர் முதலில் சேஸியைத்தான் பார்ப்பார்.

கழற்றிய ஒவ்வொரு சாமானையும் வைத்துக்கொள்ளுங்கள். வீல், ஸ்பிரிங், ஷாக், பம்பர், மூடிகள், கிளிப்புகள், அந்தந்த போல்ட்டோடு பையில் போட்டுப் பெயர் எழுதி. இடம் அடைக்கும், வீட்டில் முணுமுணுப்பு வரும், பரவாயில்லை. பில், பாகத்தின் எண், எந்தக் கிலோமீட்டரில் போட்டது, போல்ட்டை எவ்வளவு டார்க்கில் இறுக்கியது என்று ஒரு கோப்பு. நீரில் இறங்கினால் டிஃப்ரென்ஷியல் ஆயிலைத் திறந்து பார்த்தது, மாற்றியது எல்லாம் அதில் இருக்கட்டும். இந்தக் கோப்பைக் கையில் வாங்கிப் புரட்டும்போது, வாங்க வந்தவரின் “எப்படி ஓட்டியிருப்பார்கள்?” என்ற பயம் பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

வண்டிக்கு வயதாக ஆக இது இன்னும் முக்கியமாகும். 1960-ல் தொடங்கி 1984 வரை வந்த டொயோட்டா எஃப்ஜே40, 2016 ஜனவரியில் உற்பத்தி நின்ற பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளைத் தேடுகிறவர்கள் கேட்பது, கம்பெனியிலிருந்து வந்த என்ஜின், கியர்பாக்ஸ், சேஸி எண் எல்லாம் பொருந்துகிறதா என்பதைத்தான். உங்கள் வண்டியும் உற்பத்தி நின்று, அடுத்த தலைமுறை வேறு என்ஜினோடு வந்துவிட்டால், தொடாத வண்டிக்குத் தனி வரிசை நிற்கும்.

எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். மூன்று நான்கு வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் என்றால் சரியான வேரியன்ட், ஒரு செட் டயர், அடித்தகடு, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதினைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் விற்பனை விலையை நினைத்துத் தனக்கு வேண்டியதைத் தள்ளிப்போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவருக்கு அந்த லாக்கரும் கூடாரமும் வருடக்கணக்கில் உழைக்கும், கடைசியில் விலையில் குறையும் தொகையை வருடங்களால் வகுத்தால் பெரிதாக ஒன்றும் நிற்காது. அவர் தாராளமாகப் போடட்டும், பதிவு விதிக்குள் இருந்தால் போதும்.

வாங்கிய உடனே எதையும் மாற்றாமல் ஸ்டாக்காகவே கொஞ்ச காலம் ஓட்டிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எங்கே அடி தட்டுகிறது, எங்கே சக்கரம் தூக்குகிறது, எதில் இழுவை போதவில்லை என்று வண்டியே சொல்லும். அடி தட்டினால் தகடும் டயரும். சக்கரம் தூக்கிச் சுற்றினால் லாக்கர். சுமையில் பின்பக்கம் அமுங்கினால் ஸ்பிரிங். அந்த வரிசையில் வாங்கினால் பாதிச் சாமானைக் கடைசிவரை வாங்காமலே போய்விடுவீர்கள்.

விற்கத் தீர்மானித்ததும் வண்டியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வின்ச், ரூஃப் ரேக், கூடாரம், விளக்கு, ஃப்ரிட்ஜ், பெரிய டயரோடு அலாய் வீல் இவற்றைத் தேடும் ஆட்கள் தனி. வண்டி தேடும் ஆட்கள் தனி. கழற்றித் தனித்தனியாக விற்றால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான விலை வரும், வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் “அதெல்லாம் இருக்கட்டும், வண்டிக்கு என்ன விலை?” என்பார்கள். ஸ்டாக் வீலையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டு, அலைன்மென்ட் பார்த்து, அடிப்பக்கத்தைக் கழுவி நிறுத்துங்கள். ஸ்லைடரையும் அடித்தகட்டையும் மட்டும் கழற்ற வேண்டாம், அவற்றில் உள்ள கீறல்களோடே போகட்டும். அதன் மேலே இருக்கும் சேஸி நேராக இருப்பதை வாங்குபவரே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வார்.